தென் ஆப்பிரிக்காவின் இசிமாங்கலிசோ: யார் போகலாம், எப்போது, எத்தனை நாள்?

டர்பனில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறோம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் அறுபது தாண்டிய அம்மாவும் உடன் வருகிறார்கள், க்ரூகர் தேசியப் பூங்கா வரை போக நாள் இல்லை, அதனால் வடக்கே கடலோரத்தில் இருக்கும் இசிமாங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே சிங்கம் கிடையாது, ஒரு நாள் போய்ப் படகில் ஒரு சுற்று வந்தால் போதும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் வேண்டாம். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். சிங்கத்தைப் பற்றிச் சொன்னது பாதிதான் உண்மை, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த இடம் எப்படிப்பட்டது என்று புரிந்துகொண்டு போனால்தான் அங்கே எதைப் பார்க்கிறோம் என்பது பிடிபடும். மற்ற சரணாலயங்களில் மிருகத்தைத் தேடிப் போவோம், தண்ணீர் கூடவே வரும். இங்கே தண்ணீரைத் தொடர்ந்து போனால் மிருகம் தானாக வரும்.

க்வாசூலு-நட்டால் மாகாணத்தில், மொசாம்பிக் எல்லையிலிருந்து தெற்கே செயிண்ட் லூசியா கழிமுகத்துக்கும் கீழே வரை சுமார் 220 கிலோமீட்டர் கடற்கரை இந்தப் பூங்காவுக்குள் வருகிறது. பரப்பளவு 3,300 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2025-இல் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள மாபுட்டோ தேசியப் பூங்காவும் அதோடு சேர்க்கப்பட்டது. இத்தனை பெரிய நிலத்தில் எல்லா மூலைக்கும் போக முடியாது. முதல் தடவை போகிறவர்கள் செயிண்ட் லூசியா ஏரியைச் சுற்றியே இருப்பது நல்லது.

அந்த ஏரிதான் இதயம். ஏறத்தாழ 350 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். நீர்யானை நின்றால் முதுகு தெரியும். ஏரியின் தென்முனையிலிருந்து 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான கால்வாய் வளைந்து வளைந்து ஓடி, செயிண்ட் லூசியா ஊரைத் தொட்டுக்கொண்டு கடலில் சேர்கிறது. சேரும் இடத்தில் மணல் மேடு விழுந்தால் முகத்துவாரம் அடைபடும். ஆற்று வெள்ளமோ கடல் சீற்றமோ வந்தால் திறக்கும். திறந்திருக்கும் காலத்தில் கடல்நீர் உள்ளே ஏறும், மீன்குஞ்சும் இறால் குஞ்சும் வளர உள்ளே வரும். மூடியிருந்து மழையும் நன்றாகப் பெய்தால் ஏரி நன்னீராகிவிடும். மூடியிருந்து மழையும் இல்லையென்றால் வெயிலில் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீர் கடலைவிடப் பல மடங்கு உப்பாகும். மூன்று நிலைமைக்கும் மூன்று விதமான உயிர்கள். உப்பு ஏறிய வருடங்களில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும், நன்னீர் வருடங்களில் கோரையும் நாணலும் கரையை மூடும். போன வருடம் போனவர் காட்டிய படமும் நீங்கள் பார்க்கப் போவதும் ஒன்றாக இருக்காது. அதனால் "பூநாரை நிச்சயம் உண்டு" என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த ஏரியின் பெரிய துயரக் கதையும் தண்ணீர்க் கதைதான். ஏரிக்கு நன்னீர் கொண்டுவரும் ஆறுகளிலேயே பெரியது உம்ஃபோலோசி. ஏரியும் ஆறும் ஒரே முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் வந்தன. வண்டலை வடிகட்டிக்கொண்டிருந்த சதுப்பை வெட்டி ஆற்றை நேர்க்கால்வாயாக ஓட விட்டார்கள். வண்டல் எல்லாம் முகத்துவாரத்தில் வந்து குவிந்தது. அதைச் சமாளிக்க 1952-இல் ஆற்றுக்குத் தெற்கே தனியாக ஒரு வாய் வெட்டி, ஏரியிலிருந்து ஆற்றைப் பிரித்துவிட்டார்கள். பெரிய வரவு நின்று போனது. 2002-இல் தொடங்கிய வறட்சியில் அதன் விளைவு முழுசாகத் தெரிந்தது. 2006-இல் ஏரியின் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வறண்டு வெடித்த மண்ணாகக் கிடந்தது.

பிறகு, ஆற்றை மறுபடியும் ஏரியோடு சேர்ப்பதே வழி என்று பூங்கா நிர்வாகம் முடிவெடுத்தது. 2012-இல் கடற்கரை மணலில் ஒரு வடிகால் வெட்டி உம்ஃபோலோசியின் தண்ணீரை ஏரிப் பக்கம் திருப்பினார்கள். முன்பு தூர்வாரிக் கொட்டிய மண்மேடுகளை அடுத்த சில ஆண்டுகளில் அகற்றினார்கள். ஏரி நிறைந்தது. கீழ்ச் சமவெளியில் இருந்த கரும்பு விவசாயிகளின் வயலில் வெள்ளம் தேங்க, வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2021 ஜனவரியில் முகத்துவாரத்தை இயந்திரம் வைத்துத் திறந்தார்கள். அது சரியா, இயற்கை தானாகத் திறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டுமா என்று விஞ்ஞானிகள், மீனவர்கள், விவசாயிகள் எல்லோரும் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டை சாதாரண ஊர்க்காரர் வாயிலும் இன்னும் இருக்கிறது. நீங்கள் ஏறும் படகின் ஓட்டுநரிடம் "முகத்துவாரம் இப்போது திறந்திருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், வழிகாட்டிக் குறிப்பில் இல்லாத எவ்வளவோ விஷயம் வரும்.

சரி, அத்தனை பெரிய வறட்சியில் நீர்யானையும் முதலையும் எப்படிப் பிழைத்தன? இதற்கான பதில் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் அங்கே ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்கிறேன்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள நிலப்பட்டையைக் கிழக்குக் கரை என்கிறார்கள். அதன் கடலோர ஓரத்தில் காடு மூடிய மணல்மேடுகள் நிற்கின்றன. சில இடங்களில் 180 மீட்டர் வரை உயரம். மரம் மூடிய மணல்மேடுகளில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் இவையும் உண்டு. பெய்கிற மழையை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது மெல்ல மெல்லக் கசிந்து ஏரியின் கிழக்கு விளிம்பில் ஊற்றாக வெளியே வரும். ஏரி முழுவதும் உப்பாகிப் போன காலத்திலும் அந்த விளிம்பில் மட்டும் நன்னீர்க் குட்டைகள் இருந்தன. மீன், தவளை, முதலை, நீர்யானை எல்லாம் அங்கே ஒதுங்கித்தான் வறட்சியைத் தாண்டின.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இந்த மணல்மேடுகளுக்கு வந்த ஆபத்தை நினைத்தால் மனசு பதறும். இந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் கனிமங்கள் இருக்கின்றன. 1980-களின் கடைசியில் ஒரு சுரங்க நிறுவனம் கிழக்குக் கரையைத் தோண்ட அனுமதி கேட்டது. லட்சக்கணக்கானவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 1996-இல் தென் ஆப்பிரிக்க அமைச்சரவை சுரங்கம் வேண்டாம், இயற்கைச் சுற்றுலா போதும் என்று தீர்மானித்தது. இன்னொரு ஆபத்து பைன் மரம். அரசே இங்கே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பைன் நட்டிருந்தது. அது நிலத்தடி நீரைக் குடித்து ஊற்றுகளை வற்ற வைத்தது. பூங்கா அமைந்த பிறகு அந்தத் தோட்டங்களை வெட்டி எடுத்தார்கள். இன்று கிழக்குக் கரைச் சாலையில் போகும்போது கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி தெரியும். அதில் பெரும்பகுதி முன்பு பைன் தோப்பாக இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த நிலத்தில் சூலு மக்களும் சோங்கா மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். காட்டுத் தோட்டத்துக்கும் ராணுவச் சோதனைக்கும் சரணாலயத்துக்குமாக நிறவெறி ஆட்சிக் காலத்தில் பல ஊர்களைக் காலி செய்தார்கள். 1994-க்குப் பிறகு நில உரிமை வழக்குகள் நடந்தன. உரிமை திரும்பக் கிடைத்தும், பல இடங்களில் நிலம் பூங்காவாகவே நீடிக்க வேண்டும் என்ற உடன்பாட்டோடுதான் கிடைத்தது. வருமானத்தில் பங்கும் வேலையும் உண்டு என்பது பேச்சு. வாசலுக்கு வெளியே உள்ள ஊர்களின் வறுமையைப் பார்த்தால், அந்தப் பேச்சு இன்னும் முழுசாக நிறைவேறவில்லை என்று தெரியும். உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், சாலையோரப் பழக்கடையில் வாங்குங்கள். உங்கள் பணம் அந்த வீடுகளுக்குப் போக அதுதான் நேர்வழி.

இப்போது நடைமுறை. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருப்பதால் உங்களுக்கு வசதி. அங்கிருந்து என்-2 நெடுஞ்சாலையில் ம்டுபாடுபா வரை போய் வலப்பக்கம் திரும்பினால் செயிண்ட் லூசியா. இரண்டரை மணி நேரத்துப் பயணம், நல்ல சாலை, வண்டி நம் ஊர்போல இடப்பக்கம்தான் ஓடும். வழியெல்லாம் கரும்பு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்த மாகாணத்தின் கரும்புக்காகத்தான் கொண்டுவந்தார்கள். உங்கள் உறவினர்களின் குடும்பமும் அப்படி வந்ததாக இருந்தால், போகும் வழியில் டோங்காட் பக்கம் வண்டியை நிறுத்தி அவர்களையே பேச விடுங்கள். பிள்ளைகளுக்கு அது தேவை.

செயிண்ட் லூசியா ஒரே ஒரு பெரிய தெருவைச் சுற்றி அமைந்த சிற்றூர். விடுதி, மளிகை, பெட்ரோல் எல்லாம் அங்கேயே. சமையல் வசதியுள்ள அறையாக எடுங்கள், சைவமாக இருந்தால் கவலையே இல்லை. இந்த ஊரின் தனித்தன்மை இரவில்தான் தெரியும். கழிமுகத்திலிருந்து நீர்யானைகள் மேய்ச்சலுக்குக் கிளம்பி ஊருக்குள் வரும். விடுதி முற்றத்துப் புல்லையும் கடைத்தெரு ஓரத்துப் புல்லையும் மேயும். நானும் விடுதி மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஈரம் மினுமினுக்கும் பெரிய கறுத்த முதுகு, தலை நிமிராமல் மேய்ந்துகொண்டே நகரும். புல்லைப் பல்லால் கடிப்பதில்லை, அகன்ற உதட்டால் கவ்விப் பிடுங்குகிறது. அந்தப் பறிக்கும் சத்தம், சர்ரக் சர்ரக் என்று, மாடி வரை கேட்கும். ஓர் இரவில் நாற்பது கிலோ வரை தின்னும்.

அழகுதான், ஆனால் இதில் விளையாட்டு வேண்டாம். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள மிருகம், மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இருட்டிய பிறகு தெருவில் நடக்காதீர்கள். பத்து வீடு தள்ளியுள்ள உணவகத்துக்கும் காரில் போங்கள். வழியில் கண்டால் காரை நிறுத்தி வெளிச்சத்தைக் குறைத்து அது போகும் வரை காத்திருங்கள். எந்த நேரத்திலும் நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கக் கூடாது. அது ஓடித் தப்பிக்க நினைக்கும் ஒரே பாதை அதுதான். வாயை அகலமாகத் திறந்தால் கொட்டாவி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், பல நேரம் அது எச்சரிக்கை.

படகுச் சவாரி இரண்டு மணி நேரம். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சிரமமே இல்லை. பூங்கா முழுவதும் சுமார் 800 நீர்யானைகளும் 1,200 முதலைகளும் இருப்பதாகக் கணக்கு. கழிமுகக் கால்வாயில் நீர்யானைக் கூட்டத்தைப் பார்க்காமல் திரும்பியவர் அநேகமாக இல்லை. மாலைச் சவாரியைத் தேர்ந்தெடுங்கள். வெயில் தணிந்ததும் கூட்டம் கலைந்து குட்டிகள் அசையத் தொடங்கும். ஆப்பிரிக்க மீன்கழுகின் கூவல் கேட்கும், கரையின் அலையாத்தி மரங்களில் மீன்கொத்திகளும் கொக்குகளும் உட்கார்ந்திருக்கும். கோடைத் தொடக்கமென்றால் (அங்கே அது நவம்பர் வாக்கில்) நாணலில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பார்க்கலாம்.

முதலையைப் பற்றி ஒரு விஷயம். முதலை முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பது கூட்டின் வெப்பத்தைப் பொறுத்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த குரோமோலீனா என்ற களைச்செடி செயிண்ட் லூசியாவின் முதலைக் கூடுகள் உள்ள மணல் கரையில் படர்ந்து நிழல் போட்டது. நிழலில் மண் குளிர்ந்தது. குளிர்ந்தால் பெண் குஞ்சு மட்டுமே பிறக்கும், இன்னும் குளிர்ந்தால் கருவே வளராது. வெறும் களைதானே என்று விட்டால் ஒரு முதலை இனமே ஆண் இல்லாமல் தேயும் என்று இங்கே நடந்த ஆய்வு எச்சரித்தது. இன்று கிழக்குக் கரையில் செடி பிடுங்கும் குழுக்களைப் பார்த்தால், அவர்கள் செய்வது முதலைப் பாதுகாப்பும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாளைக் கிழக்குக் கரைக்குக் கொடுங்கள். ஊரின் வடக்கு ஓரத்தில் பங்காசி வாசல். கோடையில் காலை ஐந்து மணிக்கும் குளிர்காலத்தில் ஆறு மணிக்கும் திறப்பார்கள். திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். அங்கிருந்து கேப் விடால் கடற்கரை வரை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், முக்கியச் சாலை தார்ச்சாலைதான், சாதாரண கார் போதும். நேராகப் போனால் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அப்படிப் போகாதீர்கள். பக்கத்தில் பிரியும் மண்சாலைச் சுற்றுகள் ஒவ்வொன்றிலும் நுழைந்து வாருங்கள். ரீட்பக் மான்கள் இங்கே ஏராளம். கூடூ மான், வரிக்குதிரை, எருமை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு. சிறுத்தையும் கழுதைப்புலியும் இருக்கின்றன, அதிகாலையில் போகிறவர்களுக்குக் கிடைக்கும். குளிர்கால மேகமூட்ட நாளில் நீர்யானை பகலிலேயே புல்வெளியில் மேய்வதைப் பார்க்கலாம். வெயில் அதன் தோலைப் பொசுக்கும் என்பதால் மற்ற நாளில் தண்ணீரை விட்டு வராது.

வழியில் கேட்டலைனா விரிகுடாவில் ஏரியை நோக்கி ஒரு பார்வைமேடை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடப் பறந்த கேட்டலைனா கடல்விமானங்கள் இந்த ஏரியில்தான் இறங்கி ஏறின, பெயர் அதனால் வந்தது. அடுத்து மிஷன் ராக்ஸ். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் பாறைக் குழிகளில் நட்சத்திர மீன், கடல் சாமந்தி, நண்டு என்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பக்கத்தில் மணல்மேட்டின் மேல் உள்ள க்வாஷெலெனி கோபுரத்தில் ஏறினால் ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் நீங்கள் நிற்கும் காட்டுமேடு. மேலே சொன்ன தண்ணீர்க் கதை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டக்கூடிய இடம் இதைவிட வேறில்லை. ஏற முடியாத அம்மாவுக்குக் கேட்டலைனா பார்வைமேடையே போதும்.

கேப் விடாலில் கடலில் குளிக்கலாம். ஆனால் சுறாத் தடுப்பு வலை கிடையாது, இழுப்பும் உண்டு, இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போக வேண்டாம். ஏரியிலும் கழிமுகத்திலும் கால்கூட நனைக்கக் கூடாது. முதலை, நீர்யானை, உப்புநீரிலும் நன்னீரிலும் வாழும் காளைச் சுறா மூன்றும் அங்கே இருக்கின்றன. தேங்கிய நீரில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயும் உண்டு. கரையோரக் காட்டில் சமாங்கோ குரங்குகள் அமைதியாக இலை தின்றுகொண்டிருக்கும். வெர்வெட் குரங்குகள் அப்படியல்ல. கார் கண்ணாடியை இறக்கி வைத்தால் ரொட்டி போய்விடும். பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? உங்களுக்கு எது முக்கியம் என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். கொசு குறைவு, புல் தாழ்ந்து மிருகம் தெரியும், அண்டார்க்டிகாவிலிருந்து மொசாம்பிக் கடலுக்குக் குட்டி போடப் போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையை ஒட்டிப் போகும். கேப் விடால் மேட்டில் நின்றாலே ஊதும் நீர் தெரியும். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போவதற்கு இந்தக் காலத்தையே சொல்வேன்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வெயிலும் மழையும் புழுக்கமும். ஆனால் ஆமைகள் வரும் காலம். பெருந்தலை ஆமையும் லெதர்பேக் ஆமையும், அதாவது நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்பதும், இந்தக் கரையின் வடபாதியில் இரவில் ஏறி முட்டையிடும். 1963 முதல் இடைவிடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள். கடல் ஆமைகளுக்காக உலகில் நடக்கும் மிக நீண்ட தொடர் கண்காணிப்புகளில் இதுவும் ஒன்று. அரை டன் எடையுள்ள உயிர் பின் துடுப்புகளால் மணலை அள்ளி அள்ளி வெளியே போடும்போது, அந்தத் துடுப்பின் நுனி விரல்போல மடிந்து பிடிமணலை ஏந்தும். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் நுணுக்கம் தெரியும். பாதுகாப்பினால் பெருந்தலை ஆமைகளின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. அதே கரை, அதே காவல் இருந்தும் லெதர்பேக் அப்படி ஏறவில்லை. ஆமை பார்க்க உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே போக வேண்டும். தனியாகக் கைவிளக்கோடு கரையில் நடந்தால், வெளிச்சம் பார்த்து ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

இனி சிங்கம். கிழக்குக் கரையில் இல்லை என்பது சரி. ஆனால் இதே பூங்காவின் வடமேற்கில் உள்ள உம்கூசே பகுதியில் 2013 டிசம்பரில் சிங்கங்களை மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். காட்டுநாய்களும் யானைகளும் அங்கே உண்டு. உம்கூசேயின் பெரிய ஈர்ப்பு என்னைக் கேட்டால் சிங்கமும் அல்ல. நீர்க்குட்டையின் மேல் மரத்தால் கட்டிய குமசிங்கா மறைவிடம். வறண்ட மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தால், ந்யாலா மான், வரிக்குதிரை, காட்டுப்பன்றி என்று வரிசையாகத் தண்ணீருக்கு வரும். வயதானவர்களுக்கு இதைவிட வசதியான காட்டுயிர்ப் பார்வை எங்கும் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும். சிங்கமும் காண்டாமிருகமும் கட்டாயம் வேண்டுமென்றால், செயிண்ட் லூசியாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஷ்லுஷ்லூவே-இம்ஃபோலோசி பூங்கா இருக்கிறது. வெள்ளைக் காண்டாமிருகம் அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது அங்கேதான். 1960-களில் வனப் பாதுகாவலர் இயன் பிளேயர் தலைமையில் அங்கிருந்து மற்ற சரணாலயங்களுக்கு அனுப்பியவற்றின் வம்சம்தான் இன்று ஆப்பிரிக்காவின் பல பூங்காக்களில் உலவுகிறது. மூன்றாம் நாளை அதற்குக் கொடுத்துவிட்டால் உங்கள் பிள்ளைகளுக்கும் குறை இருக்காது.

பூங்காவின் வடக்குப் பகுதியில் உள்ள சோட்வானா விரிகுடா முக்குளிப்பவர்களுக்கான இடம். பவளப்பாறை அருமை. 2000-ஆம் ஆண்டில் இங்கே கடலடிப் பள்ளத்தாக்கில் நூறு மீட்டருக்கும் மேலான ஆழத்தில் முக்குளிப்பாளர்கள் சீலகாந்த் மீன்களை உயிரோடு கண்டார்கள். டைனோசர் காலத்தோடு அழிந்துவிட்டதாக நினைத்திருந்த மீன் அது. 1938-இல் ஈஸ்ட் லண்டன் நகர் அருகே வலையில் சிக்கித்தான் உயிரோடிருப்பதே உலகுக்குத் தெரிந்தது. சுற்றுலாப் பயணி இறங்கும் ஆழத்தில் அது தெரியாது. முக்குளிக்கத் தெரியாத குடும்பம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கோசி விரிகுடா வேறு கதை. எல்லைக்குப் பக்கத்தில் சங்கிலியாகக் கோத்த நான்கு ஏரிகள், கடைசி ஏரி கடலில் திறக்கிறது. அந்த ஆழமற்ற தண்ணீரில் உள்ளூர் மக்கள் கட்டிய மீன்பொறிகள் நூற்றாண்டுகளாகத் தொடர்கின்றன. குச்சிகளை நட்டு நீண்ட வளைந்த வேலி போடுகிறார்கள். கடலை நோக்கிப் போகும் மடவையும் பாரையும் வேலியை ஒட்டியே நீந்தி, வளைவின் முடிவில் புனல் வடிவ வாய்க்குள் நுழைந்து கூடைக்குள் மாட்டும். உள்ளே போகும் குச்சிகள் வளைந்து கொடுக்கும், வெளியே வர விடாது. குச்சிகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் சிறுமீன் தப்பிவிடும். ஒவ்வொரு பொறியும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். உயரத்திலிருந்து பார்த்தால் ஏரி முழுக்க வேலி வரிகள் கோலம்போலத் தெரியும். இந்தப் பூங்காவில் மனிதனும் தண்ணீரும் ஒருவரையொருவர் அழிக்காமல் வாழ்ந்ததற்கு இதுதான் சிறந்த சாட்சி. உங்களுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் இங்கே தாருங்கள். முகத்துவாரம் வரை போக நான்கு சக்கர இழுவை வண்டியும் முன் அனுமதியும் வேண்டும். உள்ளூர் விடுதிகள் வண்டியோடு ஏற்பாடு செய்து தரும்.

கடைசியாகக் காகிதமும் மருந்தும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். இந்தியாவிலிருந்து வளைகுடா வழியாகப் போனால் மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசி கேட்க மாட்டார்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் சான்றிதழ் கேட்பார்கள், டிக்கெட் எடுக்கும்போதே கவனியுங்கள். செயிண்ட் லூசியாவில் மலேரியா அபாயம் குறைவு, வடக்கே மொசாம்பிக் எல்லையை நெருங்க நெருங்கக் கூடும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். கோசி போவதானால் கிளம்பும் முன் அம்மாவின் மருந்துச் சீட்டையும் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள், மலேரியா மாத்திரை சிலது மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகாது. கேப் விடால் மரவீடுகளும் உம்கூசே குடில்களும் எசெம்வெலோ என்ற மாகாண வனவிலங்கு அமைப்பின் கையில் இருக்கின்றன. டிசம்பர் விடுமுறைக்கும் ஈஸ்டருக்கும் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஜூலையில் தென் ஆப்பிரிக்கப் பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்த்துத் தேதி வைத்தால் இடமும் கிடைக்கும், சாலைச் சுற்றுகளில் கூட்டமும் இருக்காது.